ஒருமுறை நுழைவு விசாவில் வியட்நாம் போகிறோம், நடுவில் அங்கோர் வாட் போய்த் திரும்பலாமா?

காவிரிக்கரை:
வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் 12 நாளில் திருச்சியிலிருந்து சைகோன் கிளம்புகிறோம். மொத்தம் 26 நாள். திரும்பும் டிக்கெட்டும் சைகோனிலிருந்துதான். முதல் மூன்று ராத்திரிக்கு மட்டும் அறை போட்டிருக்கிறோம். மற்றதெல்லாம் போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். இரண்டு பேரும் 28 வருடம் பள்ளிக்கூட மணிக்கு ஓடியவர்கள். இந்த ஒரு மாதம் மணி பார்க்காமல் சுற்ற ஆசை.

ஈ-விசா ஒருமுறை நுழைவுக்கு எடுத்தோம், ஆளுக்கு 25 டாலர். நேற்று ராத்திரி வரைபடத்தை விரித்த அவர், "அங்கோர் வாட் இவ்வளவு பக்கத்திலா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். அங்கே பாற்கடல் கடையும் சிற்பத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பேருந்தில் கம்போடியா போய்விட்டு அதே விசாவில் சைகோன் திரும்ப முடியுமா? விசாவில் நாள் மிச்சம் இருக்கும்.

மெக்கொங்வாசி:
முடியாது அக்கா. நாட்டை விட்டு வெளியேறும் முத்திரை விழுந்ததும் அந்த விசா முடிந்தது. நாள் மிச்சம் இருந்தாலும் நுழைவு மிச்சம் இல்லை. திரும்பி வரப் புது ஈ-விசா வேண்டும், மறுபடி 25 டாலர். அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் உட்கார்ந்தே விண்ணப்பிக்கலாம். மூன்று வேலை நாள் என்பார்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராது. நுழையும் இடம் கேட்கும்போது விமான நிலையத்தைப் போட்டுவிடாதீர்கள். பேருந்தில் வருகிறீர்கள், அதனால் மோக் பாய் எல்லை.

கம்போடிய விசா எல்லையிலேயே கிடைக்கும், 30 டாலர்.

தூங்காரயில்:
மேலே சொன்னது சரி. ஆனால் மூன்று நாளை நம்பி மூன்று நாள் மட்டும் ஒதுக்காதீர்கள், ஒரு வாரம் வையுங்கள். முக்கியமாக, கம்போடியாவைப் பயணத்தின் கடைசியில் வைக்கவே கூடாது. விசா தாமதமானால் ஊர் திரும்பும் விமானம் போய்விடும். சைகோனில் மூன்று ராத்திரி முடிந்ததும் நேரே கிளம்பிவிடுங்கள். திரும்பி வந்தபின் மிச்ச நாளில் ரயிலேறி தா நாங், ஹோய் ஆன் பக்கம் போகலாம். அங்கே மீ சொன் சிவன் கோயில்களையும் சார் விடமாட்டார்.

காத்திருக்கும் வாரம் வீணாகாது. அங்கோருக்கு மூன்று நாள் சீட்டு 62 டாலர், அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம். ஒருநாள் சுற்றி, ஒருநாள் படுத்துத் தூங்கி, மறுபடி போகலாம். நானும் என் மனைவியும் அப்படித்தான் செய்தோம். சூரிய உதயத்துக்கு எல்லோரும் மேற்கே குளக்கரையில் நிற்பார்கள். வெயில் ஏறியதும் கூட்டம் சாப்பிடப் போய்விடும். அப்போது கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். பாற்கடல் சிற்பம் சுமார் 49 மீட்டர் நீளம். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வாசுகியைப் பிடித்திருக்கும் கைகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். அவசரப்படாமல் நடக்க வேண்டிய இடம்.

காவிரிக்கரை:
அண்ணா, படிக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கம்போடியாவை முன்னால் வைத்துக்கொள்கிறோம். பணம் டாலராகவே கொண்டுபோகலாமா?

மெக்கொங்வாசி:
டாலரே செல்லும், சில்லறை மட்டும் கம்போடியப் பணமான ரியலில் தருவார்கள். ஆனால் நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும். என் இருபது டாலர் நோட்டில் ஓரத்தில் நகக்கண் அளவுக்குக் கிழிசல். கடைக்காரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சிரித்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த கடையிலும் வாங்கவில்லை.

காவிரிக்கரை:
நல்லவேளை கேட்டேன். வாங்கி வைத்த நோட்டையெல்லாம் இப்போதுதான் விளக்கடியில் பிரித்துப் பார்த்தோம், இரண்டில் மடிப்பு கிழிந்திருக்கிறது. நாளைக்கே மாற்றிவிடுகிறோம். புது விசா கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.