புதுப்பிப்பு: டங்ஸ்டன் ஏலம் ரத்து!

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் என்ற உலோகத்தை வெட்டி எடுக்கும் சுரங்கம் வேண்டாம் என்று தெருக்காரர்களோடு நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடக்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

2025 ஜனவரி 7 அன்று நடந்தோம். மேலூரில் கடையடைப்பு. பக்கத்து வீட்டு அத்தை முழங்கால் வலியோடு மதுரை தமுக்கம் மைதானம் வரை வந்துவிட்டார். பாதியில் டூவீலர் தேடியது இளவட்டங்கள்தான், பெயர் சொல்லமாட்டேன்.

2024 டிசம்பரிலேயே, அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு சுரங்க எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்றது மத்திய அரசு. அது எங்களுக்குப் போதவில்லை. மற்ற ஊர்களின் வயலும் கண்மாயும் என்னாவது? ஜனவரி 23 அன்று சுரங்க உரிமைக்கு விட்ட ஏலத்தையே முழுதாக ரத்து செய்துவிட்டார்கள். ஊரில் ஒரே வெடிச்சத்தம்!

பேரணிக்காகப் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக மாநில அரசும் அறிவித்துவிட்டது.