யாருக்கும் கேடில்லாத செயலைச் சட்டம் தடுக்கலாமா?

பொன்வண்டு:
ஹெல்மெட் போடாதவருக்கு அபராதம். வீட்டுக்குள் போதைப்பொருள் எடுத்துக்கொள்பவருக்குச் சிறை. காசு வைத்துச் சீட்டாடுபவர் மேல் வழக்கு. மூன்றிலும் பாதிக்கப்பட்டவர் என்று வேறொருவரைக் கைகாட்ட முடிவதில்லை. பிறருக்குத் தீங்கு வராதவரை அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1859-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியதை ஒரு பக்கம் எடுத்துவைக்கிறார்கள். மறுபக்கம் ‘சமூகமே பாதிக்கப்படுகிறதே’ என்ற ஒரே வரியில் அதை அடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் சமூகத்தைத் தொடாத செயல் எதுதான் இருக்கிறது? எல்லையை எதை வைத்துப் போடுவது? ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துப் படிப்படியாகச் சோதிக்க வழி உண்டா? தத்துவத்தோடு நடைமுறையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

தராசுமுள்:
‘யாருக்கும் தீங்கில்லை’ என்ற ஒரே சொல்லில் நான்கு வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. பிரிக்காமல் வாதாடினால் விடிய விடியப் பேசலாம்.

முதலாவது, தீங்கு இன்னும் நேரவில்லை, ஆனால் ஆபத்து அடுத்தவர் தலையில். குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பத்திரமாக வீடு சேர்ந்தவர் யாரையும் காயப்படுத்தவில்லைதான். ஆனாலும் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் இங்கிலாந்தில் 80 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், இந்தியாவில் 30-ஐத் தாண்டினாலே குற்றம். மில்லை இதற்கு எதிராக இழுப்பது தவறு. பிறருக்குத் திட்டவட்டமான ஆபத்து இருந்தாலே அது சுதந்திரத்தின் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது என்று அவரே எழுதியிருக்கிறார். குடித்திருப்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, பணியிலிருக்கும் காவலர் குடித்திருந்தால் தண்டிக்கலாம் என்பது அவர் தந்த உதாரணம்.

இரண்டாவது, கேடு தனக்கு மட்டும். ஹெல்மெட் இந்த வகை.

மூன்றாவது, சம்மதத்தோடு நேரும் காயம். வயதுவந்த ஆண்கள் சிலர் தனியிடத்தில் ஒருவரையொருவர் சம்மதத்தோடு காயப்படுத்திக்கொண்ட வழக்கில், சம்மதம் எதிர்வாதம் ஆகாது என்று 1993-இல் அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே நாட்டில் எதிராளியின் தலையில் குத்தி மயங்கி விழவைக்கும் குத்துச்சண்டை சட்டப்படி சரி! இந்த முரணுக்கு இன்றுவரை திருப்தியான விளக்கம் கிடையாது.

நான்காவது, பார்ப்பவருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணம். வயதுவந்தோர் சம்மதத்தோடு தனிமையில் கொள்ளும் ஓரினப் பாலுறவு குற்றமாக இருக்கக் கூடாது என்று 1957-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு பரிந்துரைத்தபோது, பொது ஒழுக்கம் குலைந்தால் சமூகமே குலையும் என்றார் நீதிபதி டெவ்லின். அதற்குச் சான்று எங்கே என்று கேட்டார் சட்ட அறிஞர் ஹார்ட். 1967-இல் இங்கிலாந்தில் சட்டம் மாறியது, சமூகம் குலையவில்லை. நான்கில் இதை மட்டும் நான் தயங்காமல் தள்ளிவிடுவேன். மற்ற மூன்றும் விவரம் பார்த்துத்தான்.

கடைசிப்பெஞ்ச்:
ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் 70 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்திருக்கிறார், வண்டி 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்கிறது என்று வையுங்கள். 50 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும் வேகம் அது. அந்த வேகத்தில் அவர் போய் விழுவது முன்சீட்டின் முதுகில். நடுவில் மாட்டிக்கொள்பவர் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்த முன்சீட்டுக்காரர். ஆகவே பின்சீட் பெல்ட் தராசுமுள் சொன்ன முதல் வகையில் வரும். ஹெல்மெட்டில் இந்தக் கணக்கு இல்லை.

ஹெல்மெட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஆஸ்பத்திரிச் செலவு பொதுப்பணம் என்பது. இதை ஒப்புக்கொண்டால் மலையேற்றம், புகை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது எல்லாவற்றையும் தடைசெய்ய வேண்டிவரும். அதோடு, செலவுதான் பிரச்சினை என்றால் தீர்வும் செலவுக்கானதாகத்தானே இருக்க வேண்டும்? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2000-இல் அப்படித்தான் செய்தது. 21 வயதைத் தாண்டி, குறைந்தது 10,000 டாலர் மருத்துவக் காப்பீடு இருந்தால் ஹெல்மெட் கட்டாயமில்லை. மிச்சிகன் மாநிலம் 2012-இல் 20,000 டாலர் என்று வைத்து, பயிற்சி அல்லது ஓட்டிய அனுபவத்தையும் சேர்த்துக் கேட்டது. தர்க்கம் சரி, தொகைதான் பொருந்தவில்லை. பலத்த தலைக்காயத்தோடு அமெரிக்க ஐசியூவில் சில நாள் கிடந்தாலே 20,000 டாலர் கரைந்துவிடும். மீதியை யார் தலையில் கட்டுவது?

உட்பிரிவு:
சட்டம் எழுதுபவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: போதைப்பொருள் போன்ற குற்றங்களில் புகார்தாரரே இல்லை. திருட்டு என்றால் பறிகொடுத்தவர் ஸ்டேஷனுக்கு வருவார். இங்கே வாங்கியவரும் விற்றவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் காவல்துறை தானே தேடிப் போக வேண்டும். ஒற்றர், வாங்குபவர் வேடத்தில் ஆள், தெருவில் நிறுத்திச் சோதனை, போனை வாங்கிப் பார்ப்பது. யாரை நிறுத்துவது என்பது அந்த நேரத்து அதிகாரியின் இஷ்டம். கூரை போட்ட பெரிய வீட்டுக்குள் நடப்பது கண்ணில் படாது, தெருமுனையில் நிற்பவர்தான் சிக்குவார். சட்டத்தின் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தச் சாய்வு வந்தே தீரும். லஞ்சமும் அப்படித்தான், போட்டுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் பேரம் சுலபம்.

அடுத்தது, தடை வந்தால் சரக்கு மாறிவிடும். பீரில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம், விஸ்கியில் 40. அதே போதையை எட்டில் ஒரு பங்கு இடத்தில் ஒளித்துக் கடத்தலாம் என்றால் கடத்துபவர் எதை எடுப்பார்? 1920 முதல் 1933 வரை அமெரிக்க மதுவிலக்கில் இந்தக் கணக்குதான் வேலை செய்தது. தொழிற்சாலை ஆல்கஹாலைக் குடிக்க முடியாதபடி மெத்தனால் போன்ற விஷப்பொருள்களை அரசு கலக்கச் சொன்னது. அதையும் திருடி விற்றார்கள், குடித்தவர்கள் செத்தார்கள். இத்தனைக்கும் அந்தச் சட்டத்தில் குடிப்பது குற்றமே இல்லை. தயாரிப்பு, விற்பனை, கடத்தல் போன்றவைதான் குற்றம்.

சட்டவிரோதம் வேறு, குற்றம் வேறு என்பதையும் கவனியுங்கள். போர்ச்சுகலில் 2001 ஜூலை முதல் சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருந்தால் குற்றவழக்கு கிடையாது. கஞ்சா இலை 25 கிராம், கொக்கெய்ன் 2, ஹெராயின் 1 என்று அளவு உண்டு. ஆனால் பொருளைப் பறித்துக்கொண்டு, மூன்று பேர் கொண்ட ஆணையத்தின் முன் வரச்சொல்வார்கள். விற்றால் பழையபடி சிறை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் 2021-இல் தண்டனையை எடுத்தார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு மட்டும், ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் தள்ளுபடி. போன் செய்தவர்கள் மிகச் சொற்பம். சிகிச்சைக்கான பணமும் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். தண்டனையை எடுப்பது பேனாவால் முடியும், அந்த இடத்தில் ஆளையும் படுக்கையையும் வைப்பதற்கு ஆண்டுகள் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் இப்படித்தான் ஆகும்.

இடையீட்டு மனு:
எல்லாரும் ‘அவரவர் விருப்பம்’னு தொடங்கறீங்க. அந்த விருப்பமே சிக்கலானதுங்க. ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரங்களைப் பத்தி பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1973-ல எழுதினதைப் பாருங்க. தனியா விட்டா யாரும் ஹெல்மெட் போட மாட்டாங்க. பார்வை கொஞ்சம் மறைக்கும், பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் வரும். ஆனா எல்லாருக்கும் கட்டாயமாக்கலாமான்னு ரகசிய ஓட்டு வெச்சா ஆமான்னு போடுவாங்க. வட அமெரிக்க லீக் 1979-ல புதுசா ஒப்பந்தம் போடறவங்களுக்குக் கட்டாயமாக்குச்சு, பழைய ஆளுங்களை அப்படியே விட்டுடுச்சு. இதை அரசு நம்மைக் குழந்தை மாதிரி நடத்துதுன்னு சொல்ல முடியுமா? அவங்களே கேட்டு வாங்கிக்கிட்ட கட்டு இது. தொழிற்சாலைப் பாதுகாப்பு விதியில பாதி இப்படித்தான் நிக்குது.

பொன்வண்டு:
நன்றி. இதையெல்லாம் சூதாட்டத்தில் பொருத்தினால் எப்படி வரும்? ஆடுபவர் தன் காசைத்தானே இழக்கிறார்?

உட்பிரிவு:
முதலில் சட்டப்பிரிவில் வினைச்சொல் எது என்று பாருங்கள். ‘ஆடுவது’ என்றிருக்கிறதா, ‘நடத்துவது’ என்றிருக்கிறதா? பிறகு, அந்தச் செயலுக்கு இயல்பாக யார் புகார் கொடுப்பார் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால் ஒற்றர் செலவையும் தெருச்சோதனையையும் சட்டத்தின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம்தான் தண்டனையைவிட லேசான வழி உண்டா என்ற கேள்வி.

சூதாட்டத்தில் அது நிறையவே உண்டு, ஏனென்றால் உரிமம் பெற்று நடத்துபவர் விலாசத்தோடு இருக்கிறார். பிரிட்டனில் பந்தய மெஷின்களில் ஒரு ஆட்டத்துக்கு 100 பவுண்டு வரை கட்டலாம் என்றிருந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுண்டாக வெட்டினார்கள். 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டால் பந்தயம் கட்டுவதை நிறுத்தினார்கள், கடன் வாங்கி ஆடும் வழி ஒன்று அடைபட்டது. ஸ்வீடனில் 2019 முதல் ஒருவர் தன் பெயரைத் தானே தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம், உரிமம் பெற்றவர்கள் அவரை உள்ளே விடக் கூடாது. இடையீட்டு மனு சொன்ன அதே கட்டு, ஆளுக்கு ஆள் தனித்தனியாக. உரிமம் இல்லாத தளங்கள்தான் இதில் ஓட்டை. அங்கே பணம் போகும் பாதையில், அதாவது வங்கியிடமும் பேமெண்ட் நிறுவனத்திடமும், கை வைக்க வேண்டும். ஆடுபவரைப் பிடித்து உள்ளே போட்டால் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.