இன்டெரிம் பெட் ஸ்கேன்ல டோவில் 4: அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயசு. டிஎல்பிசிஎல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்ல ஒரு வகை), 3ஆம் ஸ்டேஜ். ஆர்-சாப் கீமோ 6 சைக்கிள்ல 4 முடிஞ்சிருக்கு. வயசு 60க்கு மேல, எல்டிஹெச் (ரத்தத்துல பார்க்கற ஒரு என்சைம்) அதிகம், ஸ்டேஜ் 3, ஆக நோயோட ஆபத்தைச் சொல்ற ஐபிஐ ஸ்கோர் 5க்கு 3னு டாக்டர் ஃபைல்ல எழுதியிருக்கார்.

கழுத்துல கட்டி பெருசா இருந்தப்போ சட்டைக் காலர் பட்டன் போடவே முடியாது. போன வாரம் அவரே கண்ணாடி முன்னாடி நின்னு போட்டுக்கிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா அடுத்த நாளே, சிகிச்சை நடுவுல எடுத்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட்ல டோவில் 4 (மருந்து எவ்வளவு கேட்டிருக்குன்னு 1லிருந்து 5 வரை போடற ஸ்கோர்). அதாவது மிச்சமிருக்கற இடம் கல்லீரலை விட மிதமான அளவு கூடுதலா ஒளிருது.

நடுவுல எடுக்கற ஸ்கேன்ல 4 வந்தாலே மருந்து கேட்கலைன்னு அர்த்தம் இல்ல, அழற்சியாலயும் ஒளிரலாம், சிகிச்சையை மாத்தறதுக்கு முன்னாடி பயாப்ஸி பார்க்கணும்னு டாக்டர் சொன்னார். புரியுது. ஆனாலும் ராத்திரி தூக்கம் வரல.

உங்க வீட்ல யாருக்காவது நடுவுல 4 வந்து, கடைசி ஸ்கேன்ல சரியாகியிருக்கா? முதல் பயாப்ஸி பிளாக்கை (மெழுகுல பதிச்சு வச்ச திசுத் துண்டு) வேற லேப்ல கொடுத்து, மிக், பிசிஎல்2 ஜீன் மாற்றத்துக்கு ஃபிஷ் டெஸ்ட் எடுத்தவங்க இருந்தா, ரிசல்ட் வர எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு செலவாச்சுன்னு சொல்லுங்க. எங்களுக்கு அதை இன்னும் எடுக்கல. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கணும், அதுக்குள்ள தெரிஞ்சா அவர்கிட்ட தெளிவா கேட்டுடுவேன்.