மறு: ‘ஆன்டிசெமிட்டிசம்’ – ‘யூத எதிர்ப்பு’ சரியா?

நண்பர்களே, வணக்கம்.

யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே பகைப்பதைக் குறிக்கும் ‘ஆன்டிசெமிட்டிசம்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழையைத் தொடங்கிய ஐயா ‘யூத எதிர்ப்பு’ என்றார், அடுத்த மடலில் ‘செமிட்டிய எதிர்ப்பு’தான் மூலத்துக்கு நெருக்கம் என்று மறுப்பு வந்தது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 21 அன்று பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலண்ட், ஹமாஸ் படைத்தலைவர் முகமது தெயிஃப் மூவருக்கும் கைது ஆணை பிறப்பித்தது. உடனே நெதன்யாகு அலுவலகம் அந்த முடிவை ‘ஆன்டிசெமிட்டிக்’ என்று சொல்லி, இக்காலத்து திரைஃபஸ் வழக்கு (பிரான்சில் ஒரு யூதப் படை அதிகாரி மீது பொய்யாகத் துரோகப் பழி சுமத்திய வழக்கு) என்றும் ஒப்பிட்டது. அன்று இதைத் தமிழாக்கும்போது நான் ‘யூத எதிர்ப்பு முடிவு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் ஒருவர், “ஆமாம், இஸ்ரேலுக்கு எதிரான முடிவுதானே, அதில் என்ன குற்றச்சாட்டு?” என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. சொன்னவர் நீதிபதிகள் மீது மிகக் கனமான ஒரு பழியைச் சுமத்துகிறார், நானோ அதை வெறும் தகவலாக மாற்றிவிட்டேன். பழி என்னவென்றே தெரியாத வாசகர் அதற்கு ஆதாரம் எங்கே என்று எப்படிக் கேட்பார்?

முதலில் ‘செமிட்டிய’ என்பதை முடித்துவிடுவோம். நோவாவின் மகன் சேம் பெயரை வைத்து ஒரு மொழிக்கூட்டத்துக்கு ஜெர்மன் அறிஞர் ஷ்லோட்சர் 1781இல் இட்ட பெயர் அது. எபிரேயம், அரபு, அரமேயம், எத்தியோப்பியாவின் அம்காரியம் எல்லாம் அதில் அடங்கும். செமிட்டிய மொழிகள் உண்டு, செமிட்டியர் என்று ஒரு மக்கள் கிடையாது. பிறகு ஏன் அந்தச் சொல்? ஜெர்மனில் ஏற்கெனவே ‘யூடன்ஹாஸ்’ என்று நேரடியான சொல் இருந்தது, யூத வெறுப்பு என்றே பொருள். 1879இல் வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் ஆன்டிசெமிட்டிக் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி இந்தப் புதுச் சொல்லைப் பரப்பினார். மதம் சார்ந்த பழைய வெறுப்பில் ஞானஸ்நானம் பெற்றால் தப்பிக்க ஒரு வழியாவது இருந்தது. இனம் என்று ஆக்கிவிட்டால் அதுவும் அடைபடும், அறிவியல் வாசனையும் சேரும். வெறுப்புக்குப் போர்த்திய சட்டை அந்தச் சொல். அதை நாம் ‘செமிட்டிய எதிர்ப்பு’ என்று அப்படியே கொண்டுவந்தால் மாரின் வேலையைத் தமிழிலும் நாமே செய்துகொடுத்த மாதிரி ஆகிவிடும். “அரபுகளும் செமிட்டியர்தானே, அவர்களிடம் எப்படி அது இருக்கும்?” என்ற வாதமும் அந்தச் சட்டையைப் பிடித்துத் தொங்குகிற வாதம்தான். சொல்லின் வேரைப் பார்த்து ஒரு வரலாற்றை மறுக்க முடியாது.

இப்போது ‘எதிர்ப்பு’. தமிழில் இது மரியாதையான சொல். இந்தி எதிர்ப்பு, சாதி எதிர்ப்பு, அணு உலை எதிர்ப்பு, போர் எதிர்ப்பு என்று கேட்டுப் பழகிய காது நம்முடையது. ‘இந்தி எதிர்ப்பு’ என்றால் இந்தி பேசுகிறவர்களை வெறுப்பது என்று நாம் யாரும் கொள்வதில்லை, திணிப்பை எதிர்ப்பது என்றுதான் புரிந்துகொள்கிறோம். எதிர்ப்பு என்று வந்தாலே எதிரில் ஒரு கொள்கையோ அதிகாரமோ நிற்கிறது, எதிர்ப்பவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அதே அச்சில் ‘யூத எதிர்ப்பு’ என்று வார்த்தால் என்ன ஆகும்? யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே பகைப்பவனுக்கு ஒரு போராளியின் தோற்றம் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், இஸ்ரேல் அரசின் ஒரு குண்டுவீச்சை எதிர்த்து எழுதுகிறவரும் அதே சொல்லுக்குள் வந்து விழுகிறார். ஒரே சொல் இரண்டு வேலையையும் கெடுக்கிறது.

அப்படியானால் ‘யூத வெறுப்பு’ போதுமே என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். ‘எதிர்ப்பு’க்கு இது எவ்வளவோ மேல், பெரும்பான்மை இதற்கு இசைந்தால் நானும் இசைவேன். ஆனாலும் ஒரு குறை. வெறுப்பு என்பது ஒருவர் மனத்தில் எழும் உணர்ச்சி. “எனக்கு யார் மேலும் வெறுப்பில்லை, உலக வங்கிகளையெல்லாம் அவர்கள்தான் ஆட்டிவைக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்” என்பவரை அந்தச் சொல் பிடிக்காது. இந்த நோய் உணர்ச்சியாக மட்டும் வாழவில்லை, கதையாக வாழ்ந்தது. 1144இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் இறந்துகிடந்த ஒரு சிறுவனை யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பிற்பாடு கிளப்பிய கதை, நூற்றாண்டுக் கணக்கில் ஊர் ஊராகப் போனது. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லி 1903இல் ரஷ்யாவில் அச்சான ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ போலி என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் இதழ் வரிக்கு வரி வைத்துக் காட்டியது, இன்றும் அது விற்கிறது, பகிரப்படுகிறது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேரைச் சுட்டுக்கொன்றவன் யூத அமைப்பு ஒன்று அகதிகளைக் கொண்டுவந்து நாட்டை நிரப்புகிறது என்று எழுதிவிட்டுத்தான் போனான். காசாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆகவே என் பரிந்துரை ‘யூதக்காழ்ப்பு’. காழ் என்றால் மரத்தின் உள்ளே இறுகிப்போன வைரம். பகைத்திறம் தெரிதலில், ‘இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ என்கிற குறளில் வருவதும் இதே காழ்த்தல்தான், பகையைப் பற்றியே வருகிறது. காலப்போக்கில் இறுகி, வெட்டுகிறவன் கையையே பதம் பார்க்கும் பகை. ‘அரசியல் காழ்ப்புணர்ச்சி’ என்று நாளிதழ்களில் தினம் படிப்பதால் சொல்லும் புதிதில்லை. காழ்ப்பை யாரும் நியாயமானது என்று நினைப்பதில்லை, அதுதான் முக்கியம். ‘யூதக்காழ்ப்பால் வந்த முடிவு’ என்று அன்று எழுதியிருந்தால் நண்பருக்குப் பழியின் கனம் தெரிந்திருக்கும், நீதிமன்றம் அதே நாளில் ஹமாஸ் தலைவருக்கும் ஆணை பிறப்பித்திருக்கிறதே, இது எப்படிக் காழ்ப்பு ஆகும் என்று கேட்டிருப்பார்.

சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது எதைப் பின்பற்றுவது என்று ஒரு கேள்வி வந்தது. 2016 மே மாதம் புகாரெஸ்ட்டில் பன்னாட்டு யூதப் பேரழிவு நினைவுக் கூட்டணி ஏற்ற வரையறையைத்தான் பல அரசுகள் எடுத்துக்கொண்டுள்ளன. மற்ற நாடுகள் மீது வைக்கும் அதே மாதிரியான விமர்சனத்தை இஸ்ரேல் மீது வைத்தால் அது யூதக்காழ்ப்பு ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் கூடவே தந்திருக்கும் 11 எடுத்துக்காட்டுகளில் 7 இஸ்ரேலைப் பற்றியவை, சிக்கல் அங்கேதான். அதன் மூல வரைவை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்க இதைக் கருவியாக்குகிறார்கள் என்று வெளிப்படையாக எதிர்த்திருக்கிறார். 2021இல் 200க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கையெழுத்திட்ட ஜெருசலேம் பிரகடனம் எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: யூதர் என்பதற்காகவே யூதர் மீது காட்டும் பாகுபாடு, முன்முடிவு, பகைமை, வன்முறை. ‘யூதர் என்பதற்காகவே’ என்பதில் அந்த ஏகாரம் போதும், நமக்கு வேறு அளவுகோல் வேண்டாம்.

இரண்டு வழக்குகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 2014 ஜூலையில், காசாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியின் வூப்பர்டால் நகரத் தொழுகைக்கூடத்தின் மீது மூன்று பேர் தீக்குப்பிகளை வீசினார்கள். காசாவின் மீது கவனத்தைத் திருப்பத்தான் அப்படிச் செய்தார்கள், யூதப் பகை நோக்கம் நிறுவப்படவில்லை என்று உள்ளூர் நீதிமன்றம் அடுத்த ஆண்டு சொன்னது. மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பின் அடிப்படை மாறவில்லை. எனக்கு இது சற்றும் ஏற்க முடியாத தீர்ப்பு. அந்த ஊரின் பழைய தொழுகைக்கூடம் 1938இல் நாஜிகள் எரித்தது. இஸ்ரேல் அரசு செய்ததற்கு ஜெர்மனியில் கும்பிட வருகிறவர் பதில் சொல்ல வேண்டும் என்றால், யூதர் என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன குற்றம் இருக்கிறது?

மறுபக்கம் நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன். தென்னாப்பிரிக்க யூதர், யூகோஸ்லாவியா, ருவாண்டா கொடுங்குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயங்களின் முதல் வழக்குத் தொடுநர். 2008 டிசம்பரில் தொடங்கிய காசாப் போரை விசாரிக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் அழைத்தபோது, இஸ்ரேலை மட்டும் விசாரிக்கும் பணி என்றால் வரமாட்டேன் என்று சொல்லி, எல்லாத் தரப்பையும் விசாரிப்பதாக மாற்றிய பிறகே ஏற்றார். 2009இல் வந்த அறிக்கை இஸ்ரேல் படை, பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் என இரு தரப்பும் போர்க்குற்றம் புரிந்ததற்குச் சான்றுகள் இருப்பதாகச் சொன்னது. அவருக்குக் கிடைத்த பெயர் தன் இனத்தையே வெறுப்பவர் என்பது. ஜோகன்னஸ்பர்க்கில் பேரனின் பார் மிட்ஸ்வா என்ற, யூதச் சிறுவர்கள் வயதுக்கு வரும் சடங்குக்கே போக முடியாதோ என்ற நிலை வந்து, பிறகு பேசித் தீர்த்துத்தான் அவர் போனார். பொதுமக்களைக் குறிவைப்பது இஸ்ரேலின் கொள்கையாக இல்லை என்று பின்னர் கிடைத்த விவரங்களை வைத்து 2011இல் அவரே எழுதினார், மற்ற மூன்று உறுப்பினர்களும் அறிக்கையில் மாற்றமில்லை என்றார்கள். சண்டை அப்படித்தான் நடக்க வேண்டும், விவரத்தோடு விவரம் மோத வேண்டும். ‘காழ்ப்பு’ என்ற சொல்லை இங்கே வீசுவது தப்பு, ஏனென்றால் நிஜக் காழ்ப்பு வரும்போது அந்தச் சொல்லுக்கு வலுவிருக்காது.

சரி, இழையில் வந்த போர்ச் சட்டச் சொற்களுக்கு வருகிறேன், அவற்றிலும் இதே குழப்பம் இருக்கிறது. ‘போரறம்’ என்ற பரிந்துரை அழகானதுதான். ஆவும் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேருங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவிக்கும் புறநானூற்றுப் பாட்டைச் சான்றாகக் காட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே முன்னறிவிப்பு அரசனின் பெருமை. இன்றைய சட்டத்தில் அது கடமை, அதோடு கடமை முடிவதும் இல்லை. 2023 அக்டோபர் 13 அன்று வட காசாவின் 11 லட்சம் பேரைத் தெற்கே போகச் சொன்னது இஸ்ரேல் படை. போக முடியாமல் தங்கிய முதியவரும் மருத்துவமனை நோயாளியும் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கவில்லை. அறம் என்றால் விரும்பிச் செய்வது என்று நினைக்க இடமிருக்கிறது. ‘போர்ச் சட்டம்’ என்றே இருக்கட்டும்.

‘ப்ரொபோர்ஷனாலிட்டி’ என்ற போர்ச் சட்டச் சொல்லுக்கு ‘விகிதாசாரம்’ வேண்டவே வேண்டாம். தேர்தலில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் சரி, இங்கே அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் பிணங்களை எண்ணத் தொடங்குகிறார்கள். இஸ்ரேலில் 1,200 பேர், காசாவில் பல்லாயிரம் பேர், கணக்கு ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 கூடுதல் நெறிமுறை கேட்பது வேறு: ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்னால், கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் நேரடியான படைப்பயனை விட மக்களுக்கு நேரும் கேடு மிகையாக இருக்குமா? இருக்கும் என்றால் தாக்காதே. எனவே ‘மிகைக்கேட்டுத் தடை’ என்கிறேன். இஸ்ரேல் அந்த நெறிமுறையில் சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை, ஆனாலும் இது நாடுகளின் நடைமுறையால் நிலைபெற்ற வழக்காற்றுச் சட்டமாக எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு தரப்பு மீறினால் மறு தரப்புக்கு விடுதலை என்றும் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்த கொலைகளும், ஏறத்தாழ 250 பேரைப் பிணை பிடித்ததும் எந்த விடுதலைப் போராட்டத்தின் பெயராலும் நியாயமாகாது. அதைக் காட்டி காசா முழுவதற்கும் உணவையும் நீரையும் நிறுத்துவதும் நியாயமாகாது.

‘அப்பாவிப் பொதுமக்கள்’ என்பதையும் சட்டத் தமிழில் விட்டுவிடுவோம். அப்பாவியா இல்லையா என்று சட்டம் கேட்கவே இல்லை, படையில் இல்லாதவர் எவரும் படைசாராதவர், ஐயம் வந்தாலும் அப்படியே கொள் என்கிறது. ‘அப்பாவி’ என்ற அடையை ஒட்டினால் உடனே “ஹமாஸுக்கு ஓட்டுப் போட்டவன் அப்பாவியா”, “கட்டாய ராணுவ சேவை செய்த இஸ்ரேலியன் அப்பாவியா” என்று ஆளாளுக்குத் தேர்வு வைக்கக் கிளம்பிவிடுவார்கள். ‘படைசாரா மக்கள்’ போதும்.

‘ஜெனோசைட்’ பற்றி ஒன்று. தமிழ்நாட்டில் இனப்படுகொலை, ஈழத்தவர் எழுத்தில் இனவழிப்பு. நான் இனவழிப்பு பக்கம். 1948 உடன்படிக்கை சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான், பிறப்பைத் தடுப்பதும் பிள்ளைகளைப் பறித்து வேறு கூட்டத்துக்கு மாற்றுவதும்கூட அதில் உண்டு. அந்தச் சொல்லை ஆக்கியவர் ரஃபேல் லெம்கின், போலந்து யூதர், நாஜிகளிடம் உறவினர் 49 பேரைப் பறிகொடுத்தவர். கிரேக்கத்தில் பாதி, லத்தீனில் பாதி எடுத்து 1944இல் ஒட்டினார். மனிதத்துக்கு எதிரான குற்றம் என்பதை, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்குக்குள் கொண்டுவந்த சட்ட அறிஞர் லவுட்டர்பாக்ட்டும் யூதர், இருவரும் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் ஒரே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்கள். இஸ்ரேல் மீது போர்ச் சட்டத்தை வைத்துப் பேசுவதே யூதக்காழ்ப்பு என்பவர்களிடம் நான் இவர்கள் இருவரையும்தான் சொல்வேன்.

செய்தி எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். ‘யூதர்கள் குண்டு வீசினர்’ என்று தமிழில் சாதாரணமாக எழுதிவிடுகிறார்கள். வீசியது இஸ்ரேலிய விமானப் படை. உலக யூதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த நாட்டில் இல்லை, அந்த நாட்டுக் குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு.

‘யூதக்காழ்ப்பு’ என்பதில் எனக்கே சரிவராத இடம் பெயரடை. ‘யூதக்காழ்ப்பான பேச்சு’ ஒட்டவில்லை, ‘யூதக்காழ்ப்புப் பேச்சு’ பரவாயில்லை. ஆளைக் குறிக்க ‘யூதக்காழ்ப்பர்’ என்று ஒன்று முயன்றேன், ‘காப்பர்’ மாதிரி ஒலிக்கிறது, ‘யூதக்காழ்ப்பாளர்’ கொஞ்சம் தேவலை. இலக்கணம் அறிந்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.