மாங்குளம் கல்வெட்டில் மாவு தடவலாமா?

கல்லெழுத்து: ஒரு ஆசிரியர், மதுரைக்குப் பக்கத்தில் பழங்காலக் கல்வெட்டு இருக்கிற மாங்குளம் மலைக்குப் போய்வந்த படங்களை மாணவர்களுக்காகப் போட்டிருக்கிறார். நல்லது. கூடவே ஒரு யோசனை: "எழுத்து மங்கலா இருந்தா ஒரு பிடி வெள்ளை மாவு தடவுங்க." மைதாவாம்! பூரிக்கட்டையும் கொண்டுபோகச் சொல்லியிருக்கலாம்.

வைகைக்கரை: மைதான்னு அவர் எங்க எழுதினார்? வெள்ளை மாவுன்னுதான் இருக்கு.

கல்லெழுத்து: மைதா ஈரம் பட்டா பசையாகும், எறும்பு வரும், பூஞ்சை பிடிக்கும். சாக்பீஸ் தூள்னா பாறைத் துளையில இறங்கிடும். அதைக் கழுவக் கம்பி பிரஷ் எடுத்தா எழுத்தோட விளிம்பே போச்சு. இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. தமிழியில, அதாவது அந்தப் பழைய தமிழ் எழுத்துல, 'க'வுக்கும் 'கா'வுக்கும் நடுவுல ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். பாறை வெடிப்புலயும் மாவு உட்கார்ந்து கோடாத் தெரியும். அப்புறம் பிள்ளைங்க படிக்கிறது கல்லை இல்ல, மாவை.

வைகைக்கரை: சாக்பீஸ்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஆக மைதா இல்ல. சரி, கல்வெட்டைத் தாள்ல மையால பிரதி எடுக்கற மைப்படி மட்டும் யோக்கியமா? கல்லை நனைச்சு, ஈரத்தாள் ஒட்டி, பிரஷ்ஷால அடிச்சு, மேல மை ஒத்தறாங்களே, அந்த மை கல்லுல இறங்காதா?

கல்லெழுத்து: தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போது ஒத்தினா இறங்கும். காற்றுக்குமிழி போக அடிச்சு, முக்கால்வாசி காய்ஞ்சதும் ஒத்தணும். முழுசாக் காய்ஞ்சா தாள் கல்லைவிட்டுப் பிரியும். அது தொல்லியல் துறை அனுமதியோட செய்யற வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு டார்ச் போதும் சார். கல்லை ஒட்டினாப்ல 10, 15 டிகிரியில பக்கவாட்டா அடிங்க. இடம், வலம், மேல், கீழ்னு நாலு படம். ஒரே பக்கமா அடிச்சா வெளிச்சம் போற திசையிலயே ஓடற கோடு காணாமப் போகும். பகல்னா கறுப்புத் துணியால நிழல் கட்டுங்க.

பழையஓலை: 1882ல ஆங்கிலேயர் ராபர்ட் சிவெல் இந்தக் கல்வெட்டைக் கண்டுபிடிச்சப்ப டார்ச்சா வச்சிருந்தார்? பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பேர் இன்னும் அங்கேயேதான் இருக்கு.

கல்லெழுத்து: கல்லுல இருக்கறது "நெடுஞ்சழியன்". அதைப் பார்க்காமலே பேசறீங்க.

பழையஓலை: செழியனைத்தான் அது குறிக்குதுன்னு ஊருக்கே தெரியும். போன மாசம் பானையோட்டுக் கீறலை எழுத்துன்னு அடம்பிடிச்சவர்தானே நீங்க?

கல்லெழுத்து: குறியீடுன்னுதான் சொன்னேன். தேடிப் படிங்க. பானையில கீறலா, எழுத்தான்னே குழப்பம் வரும்போது, பாறையில மாவைத் தடவினா என்ன ஆகும்னு யோசிக்கறதில்லையா?

வைகைக்கரை: மறுபடி மாவா? அவர்கிட்டயே கேட்டுட்டேன். அது கோலமாவாம்.

கல்லெழுத்து: கல்லை அரைச்ச கோலமாவா, அரிசி மாவா? அரிசின்னா எறும்பு, பூஞ்சை பத்தி நான் சொன்னது அப்படியே பொருந்தும். கல்மாவுன்னா சாக்பீஸுக்குச் சொன்னது.

வைகைக்கரை: எதுவா இருந்தா என்ன? மைதா இல்லையே.