முதிய ஓக் மரத்தின் வகையை எப்படி அறிவது?

கேள்வி:
இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷையரில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் பொதுவெளி ஓரத்தில் முதிய ஓக் மரம் ஒன்று நிற்கிறது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நாடா வைத்து அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 6.2 மீட்டர் இருந்தது. இம்மண்ணுக்குரிய ஓக் வகைகள் இரண்டு என்று படித்திருந்தும், இலைகளைக் கொண்டு என்னால் வேறுபடுத்த இயலவில்லை. உச்சிக் கிளைகள் பட்டுப்போய், அடிமரத்தில் பெரிய பொந்தும் விழுந்திருப்பதால் மரம் சாகிறதோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1:
இலையின் வடிவத்தை விட்டுவிட்டுக் காம்புகளைப் பாருங்கள். அவ்விரு வகைகளில் குவெர்கஸ் ரோபர் என்பதில் இலைக்காம்பு மிகக் குட்டையாக இருக்கும். இலையின் அடியில் காதுமடல் போன்ற இரு சிறு மடல்கள் தெரியும். காய்களோ நீண்ட காம்பில் தொங்கும். குவெர்கஸ் பெட்ரேயாவில் இது அப்படியே தலைகீழ்: இலைக்காம்பு ஒன்று முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை நீளும், காய்கள் காம்பின்றிச் சுள்ளியோடு ஒட்டியிருக்கும். இரண்டும் கலந்த மரங்களும் உண்டு என்பதால் ஒரே இலையை நம்பாமல் பல கிளைகளைப் பாருங்கள். காய்க்கிண்ணம் மயிரடர்ந்து பாசி போலத் தோன்றினால், அது 18-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட துருக்கி ஓக்.

பதில் 2:
பொந்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். நடுவிலுள்ள வைரக்கட்டை உயிரற்றது. பூஞ்சைகள் அதைத் தின்று தீர்த்தாலும், பட்டையை ஒட்டிய உயிருள்ள வளையம் நீரைத் தொடர்ந்து மேலே ஏற்றும். முதுமையில் ஓக் தன் உச்சியை விட்டுக்கொடுத்து, கீழே புதிய தழைமுடியை அமைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டுப்போன கிளைகள்தாம் வண்டுகளுக்கும் வௌவால்களுக்கும் வீடு. ஆகவே அழகுக்காக அவற்றை வெட்டச் சம்மதிக்காதீர்கள்.

பதில் 3:
எனக்குப் பெரிய கவலை வேரைப் பற்றியதுதான். உங்கள் மாவட்டத்திலேயே ஷெர்வுட் காட்டில் உள்ள மேஜர் ஓக் என்னும் புகழ்பெற்ற முதிய மரத்தைச் சுற்றி 1970-களில் வேலியிட்டதற்குக் காரணம், பார்க்க வந்தவர்களின் காலடியில் மண் இறுகிப்போனதே. முதிய மரங்களைச் சுற்றி அடிமர விட்டத்தைப் போல் 15 மடங்கு தொலைவையாவது தொந்தரவின்றி விட வேண்டும் என்பது இங்கிலாந்து அரசின் வழிகாட்டுதல்; உங்கள் மரத்துக்கு அது ஏறத்தாழ 30 மீட்டர். முதுமை ஒன்றால் மட்டும் மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை. உள்ளாட்சி மன்றத்திடம் மரப் பாதுகாப்பு ஆணை கோரி எழுதுங்கள். அது பிறப்பிக்கப்பட்ட பின் அனுமதியின்றி வெட்டுவது குற்றமாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று காலை நான்கு கிளைகளைப் பார்த்தேன்: எல்லாவற்றிலும் காதுமடல், நீண்ட காம்பில் காய்கள், ரோபர்தான். பொதுவெளிக்கு வருவோர் வண்டி நிறுத்தும் இடம் மரத்திலிருந்து 12 மீட்டரில் இருக்கிறது. மன்றத்துக்கு எழுதும் கடிதத்தில் இதையே முதலில் குறிப்பிடுகிறேன்.