புதுப்பிப்பு: லினக்ஸ் மிண்ட்டில் பழைய விண்டோஸ் பில்லிங் மென்பொருள் இயங்கிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: அப்பாவின் மளிகைக் கடையில் பில் போடும் பழைய விபி6 (விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய) மென்பொருளை லினக்ஸ் மிண்ட் 21-இல் வைன் (விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்கும் கருவி) வழியாகத் திறந்தால், ஒரு சாம்பல் நிறப் பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 32 பிட்டுக்குத் தனி பிரிஃபிக்ஸ் (வைன் தன் விண்டோஸ் கோப்புகளையும் அமைப்புகளையும் வைக்கும் ஃபோல்டர்) போடச் சொன்ன யோசனைதான். சும்மா விட்டால் வைன் 64 பிட் பிரிஃபிக்ஸைத்தான் உருவாக்குகிறது. ஏற்கெனவே இருப்பதை 32 பிட்டாக மாற்ற வழியில்லை. இது தெரியாமல் அரை நாளை வீணடித்தேன். முதலில் 32 பிட் வைனை நிறுவினேன். அப்புறம் எத்தனை பிட் என்று வைனுக்குச் சொல்லும் வைன்ஆர்ச் (WINEARCH) மாறிக்கு வின்32 (win32) என்று கொடுத்து, வேறொரு ஃபோல்டரில் புது பிரிஃபிக்ஸ். அதற்குள் வைன்டிரிக்ஸ் என்ற துணைக் கருவி மூலம், விபி6 மென்பொருள்களுக்குத் தேவையான விபி6ரன் (vb6run) கோப்புகளை நிறுவினேன். பெட்டி மறையாமல் நின்றது. வைனைப் புதிய பதிப்புக்கு ஏற்றச் சொன்னவர்களே, அது தேவைப்படவில்லை.

எதிர்பாராத ஒன்று: ஜூலை 3 அன்று பில்லில் 07/03 என்று அச்சாகியது. “ஏண்டா, மறுபடி மார்ச் மாசத்துக்கே போயிட்டோமா?” என்று அப்பாதான் கண்டுபிடித்தார். வைன் தேதி வடிவத்தை லினக்ஸின் லொகேலிலிருந்து (மொழி, வட்டார அமைப்பு) எடுக்கிறது. என்னுடையது, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது. இந்திய ஆங்கிலத்துக்கு மாற்றி, லாகவுட் செய்து உள்ளே வந்ததும் சரி.

யூஎஸ்பி சீரியல் தராசும் முதலில் எடை காட்டவில்லை. சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி தரும் டயல்அவுட் (dialout) குழுவில் என் பயனர் கணக்கைச் சேர்த்து, மறுபடி லாகவுட் செய்து உள்ளே வந்ததும் காட்டிவிட்டது.